ரோல் பிளேயிங் கேம் ஏன் இழுக்குது? ஆண்டாள் கதையில் இருக்கு பதில்

1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேறொருவராக வாழ்ந்து பார்க்கும் கேம்கள் வந்துட்டே இருக்கு. புதுசா ஒண்ணு வந்தா ஏன் வாங்கத் தோணுது? ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பதில் இருக்கு.

துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த மகள் கோதை என்பது மரபு. பெருமாளுக்கான மாலையைத் தானே சூடி அழகு பார்த்தவள். திருப்பாவையில் தானும் ஆயர்பாடிப் பெண்ணானாள். தனியாக இல்லை, 30 பாசுரங்களில் 10, தூங்கும் தோழிகளை எழுப்பி உடன் அழைப்பவை. நாச்சியார் திருமொழியில் மனிதருக்கு வாழ்க்கைப்பட மறுத்தாள். கடைசியில் திருவரங்கத்தில் அரங்கனோடு கலந்ததாக நம்பிக்கை.

நம்மை இழுப்பதும் இந்த இரண்டுதான்: வேறொருவராகும் ஆசை, கூடவே வரும் தோழமை. நாம ஆட்டம் முடிஞ்சதும் வீட்டுக்குக் கிளம்பிடுவோம். கோதை திரும்பவே இல்லை.