நோய்ப்படுக்கையில் மலர்ந்த நம் நாட்டுப் புனிதை



பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் நம் திருமுக்கூடலுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இவ்வூர்ப் பெருமாள் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இங்கே 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்து வந்ததை அது சொல்கிறது. மருத்துவரும், அறுவை செய்பவரும், மூலிகை கொண்டுவருவோரும், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களும் அங்கே இருந்தார்கள். நோயுற்றவனுக்குப் படுக்கை வேண்டும், மருந்து வேண்டும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்.

இம்மூன்றும் இருந்தால் போதுமா? பெரியவர்களுக்குப் போதுமாக இருக்கலாம். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் நோயாய்க் கிடந்தால், அதன் மனத்தையும் அறிந்தவர் ஒருவர் அருகே வேண்டும். இதை நமக்கு உணர்த்தும் வாழ்க்கை ஒன்று வெகுதூரத்தில் இல்லை. மலைக்கு அந்தப்புறம், கேரள மண்ணில் இருக்கிறது. புனித அல்போன்சம்மாளின் வரலாறே அது. இந்த யூபிலி ஆண்டில் அதை நம் இல்லங்களில் ஒருமுறை சிந்திப்பது தகும்.

தாயை இழந்த குழந்தை

அல்போன்சம்மாளுக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் அன்னா. வீட்டில் அன்னக்குட்டி என்பார்கள். கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் 1910 ஆகஸ்டு 19-ஆம் நாள், சீரோ-மலபார் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் முட்டத்துப்பாடத்து ஜோசப், தாயார் மரியம். பேறுகாலம் நிறையும் முன்பே, எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை அது. தாயார் உறங்கிக் கொண்டிருந்தபோது பாம்பு ஒன்று அவரைச் சுற்றிக்கொண்டதாகவும், அந்த அதிர்ச்சியினால் முன்னதாகவே பிரசவம் ஆனதாகவும் சொல்வார்கள். மூன்று மாதம் கழிந்ததும் தாயார் இறந்துபோனார். கண் மூடுமுன் அவர் தம் குழந்தையைத் தம் சகோதரி அன்னம்மா முரிக்கனிடம் ஒப்படைத்தார்.

முதல் சில ஆண்டுகள் அன்னக்குட்டி பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தாள். அந்தப் பாட்டி பக்தியும் இரக்கமும் மிகுந்தவர். வாசலுக்கு வந்த ஏழையை வெறுங்கையோடு அனுப்பாதவர். ஐந்து வயதிலேயே குடும்பத்தின் மாலைச் செபத்தை முன்நின்று நடத்த அன்னக்குட்டிக்குத் தெரிந்திருந்தது. 1917-ல் புதுநன்மை வாங்கினாள். அதே ஆண்டு தொடக்கப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே இந்துப் பிள்ளைகளும் அவளுக்கு உற்ற தோழிகள் ஆனார்கள்.

பெரியம்மாவின் வீடு

1920-ல் தொடக்கப் படிப்பு முடிந்தது. தாயார் சொன்னபடி அன்னக்குட்டி முட்டுச்சிறையில் உள்ள பெரியம்மாவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். பெரியம்மா செல்வாக்கான குடும்பத்துப் பெண்மணி. கோயிலுக்கும் செபத்துக்கும் குறை வைக்காதவர். ஆனால் மிகவும் கண்டிப்பானவர். தாம் சொன்னதே நடக்கவேண்டும் என்பவர். தாயில்லாப் பிள்ளையைக் குறையின்றி வளர்த்தோம் என்று ஊர் சொல்லவேண்டும், நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. இறந்த தங்கைக்குத் தாம் செய்யவேண்டிய கடமை அது என்று எண்ணியிருப்பார். இதில் குற்றம் என்ன? நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது!

ஆனால் அன்னக்குட்டியின் உள்ளம் வேறு திசையில் இருந்தது. அருகில் இருந்த கார்மேல் மடத்துக் கன்னியர்களோடு பழகினாள். பீடத்தின் முன் நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். துறவறம் பூணவேண்டும் என்ற எண்ணம் அவளுக்குள் வேரூன்றிவிட்டது. பெரியம்மாவோ அந்த நட்பையும் அந்த நீண்ட செபத்தையும் விரும்பவில்லை. மாப்பிள்ளை பார்ப்பது மட்டும் நின்றபாடில்லை. பெரியம்மாவின் அன்பும் உண்மை, பிள்ளையின் விருப்பமும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் பேச்சு இல்லை.

1923: தீக்காயம்

அன்னக்குட்டிக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் பதர் எரிந்து கனன்று கொண்டிருந்த குழியில் அவள் கால்கள் வெந்துபோயின. உடம்பில் ஊனம் இருந்தால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று எண்ணி அவளே காலை வைத்தாள் என்று பின்னாளில் தெரியவந்தது. எண்ணியதைவிடக் காயம் மிகக் கொடியதாய்ப் போயிற்று.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். திருச்சபை இவரைப் போற்றுவது இந்தத் தீக்காயத்துக்காக அன்று. இது ஒரு சிறுமியின் கலக்கத்தில் நேர்ந்த செயல். யாரும் பின்பற்றத் தக்கதன்று. தன் மனத்தைச் சொன்னால் கேட்பார் இல்லை என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு இது எச்சரிக்கை. பெற்றோரே, பெரியோரே, நம் வீட்டுப் பிள்ளை வாய் திறந்து பேச அஞ்சுகிறதா என்று நாம் பார்க்கவேண்டும். பிள்ளைகளே, எந்த வேதனையானாலும் தாயிடமோ தகப்பனிடமோ ஆசிரியரிடமோ பங்குக் குருவிடமோ சொல்லுங்கள், தனியே சுமக்காதீர்கள்.

அன்றைய வைத்தியத்தையும் நினைத்துப் பாருங்கள். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான். தீக்காயத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஓடியாடித் திரியவேண்டிய வயதில் அன்னக்குட்டி நெடுநாள் படுக்கையில் கிடந்தாள். அவளுக்குக் கட்டில் போட்டதும், வைத்தியம் பார்க்க வைத்ததும், உணவும் தண்ணீரும் கொடுத்ததும் அதே பெரியம்மாவின் வீடுதான். கண்டிப்பான அந்தக் கைகள்தாம் அவளை உயிரோடு மீட்டன. புண் ஆறியது, ஆனால் கால்களின் ஊனம் வாழ்நாள் முழுதும் நின்றது.

இந்த நோய்க்குப் பிறகு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாய் அவள் மனத்தை அறிந்துகொண்டது. ஆன்ம வழிகாட்டியாக இருந்த அருட்தந்தை ஜேம்ஸ் முரிக்கன் துணைநின்றார். 1927-ல், பதினேழு வயது நிறையுமுன், அன்னக்குட்டி பரணங்ஙானத்தில் உள்ள கிளாரிஸ்ட் கன்னியர் மடத்தில் தங்கிப் படிக்கச் சேர்ந்தாள். மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள அவ்வூர்தான் இனி அவளுக்குச் சொந்த ஊர்.

இரண்டாம் குடும்பம்

1928 ஆகஸ்டு 2-ஆம் நாள் துறவற முக்காடு பெற்றார். அன்று புனித அல்போன்ஸ் லிகோரியாரின் திருநாள். ஆகவே அவர் பெயரையே ஏற்று அல்போன்சா ஆனார். 1930 மே 19-ல் சபை உடுப்பு அணிந்தார்.

நோய் மட்டும் விடவில்லை. 1932-ல் வாகக்காடு பள்ளியில் ஆசிரியையாகப் பணி செய்தார். அந்த ஓராண்டுக்குமேல் உடம்பு தாங்கவில்லை. அவர் முடங்கிவிட்டாரா? இல்லை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். கையெழுத்து முத்துப்போல் இருந்தமையால் மடத்தின் கடிதங்களை எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. மடத்தார் அவரால் முடியாததைப் பார்த்துக்கொண்டிராமல், முடிந்ததைத் தேடிக் கொடுத்தார்கள். நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி இதுவே. நானும் வேண்டப்பட்டவள் என்ற எண்ணம் மருந்துக்குச் சமம்.

1935 ஆகஸ்டு 12-ல் சங்கனாச்சேரியில் நவசந்நியாசம் தொடங்கினார். ஒரு வாரத்துக்குள் மூக்கிலும் கண்ணிலும் இரத்தம் வடிந்தது. கால்களில் சீழ்ப்புண்கள் தோன்றின. பிழைப்பது அரிது என்று எல்லாரும் அஞ்சினர். அப்போது இறையடியார் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அடிகளாரின் பரிந்துரையை வேண்டி நவநாள் செபம் நடந்தது. அதன் நடுவே குணம் கிடைத்தது. 1936 ஆகஸ்டு 12-ல் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துப் பரணங்ஙானம் திரும்பினார்.

இறுதி ஆண்டுகள்

1939 ஜூனில் கடும் நிமோனியா காய்ச்சல் வந்தது. 1940 அக்டோபரில் ஒருநாள் நள்ளிரவில் அவரது அறைக்குள் திருடன் ஒருவன் புகுந்துவிட்டான். அந்த அதிர்ச்சியில் நினைவாற்றலே தவறிப்போயிற்று. மாதக்கணக்கில் அந்நிலை நீடித்தது. 1941 செப்டம்பர் இறுதியில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார்கள். மறுநாளே நினைவு திரும்பியது. சில ஆண்டுகள் ஓரளவு சுகமாக இருந்தார். 1945-ல் குடலும் ஈரலும் பாதிக்கப்பட்டு ஓயாத வாந்தியும் வலிப்பும் வந்தன.

இத்தனைக்கும் நடுவில் அவர் முகத்தில் புன்னகை மாறவில்லை என்பதே உடனிருந்தோர் கண்ட அதிசயம். வலி இல்லை என்று அவர் நடிக்கவில்லை. வலியை இயேசுவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுத்தார். பணிவிடை செய்த சகோதரிகளுக்கு இவர் ஆறுதலாக இருந்தார். நோயாளி ஒருவர் தம்மைக் கவனிப்பவரைக் கவனித்தார்!

1946 ஜூலை 28-ஆம் நாள், தம் 35-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நாடறிந்த பெயராக அன்று அது இல்லை. மண்ணில் ஓர் எளிய கல்லறை. அதை முதலில் தேடி வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் ஏற்றிய மெழுகுதிரி ஒளியைக் கண்டே பெரியவர்களும் வரத் தொடங்கினார்கள்.

பீடத்து மகிமை

1953-ல் புனிதர் பட்டத்துக்கான விசாரணை தொடங்கியது. 1986 பிப்ரவரி 8-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கோட்டயத்துக்கே வந்து அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே நாளில், அதே பீடத்தில் சாவறா அடிகளாரும் முத்திப்பேறு பெற்றவர் ஆனார். நோயுற்ற பெண்ணும், அவள் சுகத்துக்காகப் பரிந்து பேசியவரும் ஒன்றாய் உயர்த்தப்பட்டது என்ன அழகு! 2008 அக்டோபர் 12-ல் பாப்பரசர் 16-ஆம் ஆசீர்வாதப்பர் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இந்தியப் பெண்மணி ஒருவர் புனிதராக உயர்த்தப்பட்டது அதுவே முதல் முறை. அதற்கென ஏற்கப்பட்ட புதுமை, கால் வளைந்து பிறந்த ஒரு சிறுவன் நேராய் நடந்தது. கால் ஊனத்தோடு வாழ்ந்தவர் வழியாகவே இந்த அருள் வந்தது.

நமக்கு ஒரு பாடம்

அன்பர்களே, பதின்மூன்று வயதில் படுத்த படுக்கையான அன்னக்குட்டியைக் காத்தது எது? முதலில் பாட்டி ஊட்டிய விசுவாசம். அடுத்து, கண்டிப்பும் பாசமும் கலந்த பெரியம்மாவின் வீடு. பின்னர், பத்தொன்பது ஆண்டுகள் தாங்கிய மடத்துச் சகோதரிகள். இவர்களில் குறையற்றவர் யாரும் இல்லை. ஆனால் நோய் வந்தபோது எவரும் அவரைக் கைவிடவில்லை.

நம் தெருக்களிலும் நோயுற்ற பிள்ளைகள் உண்டு. பள்ளிக்குப் போகமுடியாமல் திண்ணையில் உட்கார்ந்து தோழர்கள் போவதைப் பார்த்திருக்கும் பிள்ளை உண்டு. மருத்துவமனைக்கும் தறிக்கும் இடையே அலைந்து களைத்த தாய் தகப்பன் உண்டு. அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம். என்ன வியாதி என்று துருவாமல், அந்தப் பிள்ளை என்ன படிக்கிறது, எதை வரைகிறது, என்ன ஆசைப்படுகிறது என்று கேட்போம். தாய்க்கு ஒருவேளைச் சோறு சமைத்துக் கொடுப்போம். ஒருநாள் இரவு கண் விழித்து அவர்களைத் தூங்கவைப்போம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் 15 படுக்கைகள் இருந்தன என்று கல் சொல்கிறது. இன்று நம் பங்கில் நோயுற்ற பிள்ளை எதுவும் தனியாய் இல்லை என்று நம் செயல் சொல்லட்டும். யூபிலிக்கு நாம் எழுப்பும் நல்ல நினைவுச் சின்னம் அதுவே.

புனித அல்போன்சம்மாளே, எங்கள் நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்ளும்.