அன்னிபெசண்டு அம்மையார் நடத்திய பிள்ளை வழக்குகள்

அன்னிபெசண்டு அம்மையார் என்றதும் நம் நினைவுக்கு வருவது அடையாறும் சுயாட்சிக் கிளர்ச்சியும்தான். அவர் பிள்ளைகளுக்காக இரண்டு முறை கோர்ட்டுப் படி ஏறியவர் என்பது பலருக்குத் தெரியாது.

1847-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் பிறந்தார். 20 வயதில் பிராங்க் பெசண்டு என்ற பாதிரியாரை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். மகள் மேபல் கைக்குழந்தையாக இருந்தபோது கக்குவான் இருமலால் துடித்தாள். பாவம் அறியாத குழந்தையைக் கடவுள் ஏன் வதைக்கிறார் என்று தாயின் மனம் கலங்கியது. பாதிரியாரின் மனைவி கோவிலுக்குப் போக மறுத்தால் என்ன ஆகும்? 1873-ல் இருவரும் பிரிந்தார்கள். மகன் தந்தையிடம், மகள் தாயிடம்.

1877-ல், கர்ப்பத்தடை பற்றிய ஒரு சிறு புத்தகத்தை பிராட்லா என்பவருடன் சேர்ந்து அம்மையார் வெளியிட்டார். வழக்கு வந்தது. 6 மாதத் தண்டனை அப்பீலில் ரத்தானது. ஆனால் கணவர் சும்மா இருக்கவில்லை. நாத்திகம் பேசுகிறவளிடம் பெண் வளரக் கூடாது என்று 1878-ல் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி ஜெசல், 7 வயது மேபலைத் தந்தையிடம் ஒப்படைக்கும்படி தீர்ப்புக் கூறினார். தாய் நோயில் விழுந்தார். பிள்ளைகள் இருவரும் வளர்ந்த பிறகு தாமாகவே தாயிடம் வந்து சேர்ந்தனர்.

சென்னையில் வழக்கு

1893-ல் இந்தியாவுக்கு வந்த அம்மையார், 1907-ல் பிரம்மஞான சபையின் தலைவரானார். ஓய்வு பெற்ற தாசில்தார் நாராயணய்யா, மனைவியை இழந்தவர், பிள்ளைகளுடன் அடையாறில் குடியிருந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி உலக குரு ஆவான் என்று சபையினர் நம்பினார்கள். 1910-ல் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தனையும் வளர்க்கும் பொறுப்பை அம்மையாருக்குத் தகப்பனார் எழுதிக் கொடுத்தார்.

அம்மையார் சிறுவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். சபைப் பிரமுகர் லெட்பீட்டரின் அருகில் பிள்ளைகள் இருப்பது தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. 1912-ல் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் சி. பி. ராமசாமி அய்யர். அம்மையார் வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார்.

1913-ல் சென்னை ஐகோர்ட்டு, பிள்ளைகளைத் தகப்பனிடம் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்பீலிலும் அம்மையாருக்குத் தோல்வி. பிள்ளைகளோ கடலுக்கு அப்பால்!

அம்மையார் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். தகப்பன் கொடுத்த பொறுப்பை அவரே திரும்பப் பெறலாம் என்பதை அங்கும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பிள்ளைகள் இருப்பது இங்கிலாந்தில். ஆகவே அந்நாட்டுக் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும், பிள்ளைகளின் விருப்பத்தையும் அறிய வேண்டும் என்று 1914 மே மாதம் சென்னைத் தீர்ப்பைத் தள்ளிவிட்டார்கள். மூத்தவருக்கு அப்போது 19 வயது.

மகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய், இன்னொரு தகப்பனின் தவிப்பை எண்ணிப் பார்த்தாரா? நமக்கு அது புதிராகவே இருக்கிறது.

எதிர்த்து வாதாடிய சி. பி. பின்னர் சுயாட்சி இயக்கத்தில் அம்மையாரின் வலக்கையானார். 1917-ல் அம்மையார் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டார். அதே ஆண்டு கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். சகோதரர்கள் 1921-ல்தான் தாயகம் திரும்பித் தகப்பனாரைப் பார்த்தார்கள். 1924-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு நித்யானந்தன் கலிபோர்னியாவில் காலமானார்.

1929-ல் கிருஷ்ணமூர்த்தி, தமக்காக அமைத்த சங்கத்தையே கலைத்துவிட்டார். அப்போதும் அம்மையாரை அவர் அம்மா என்றே அழைத்து வந்தார். 1933 செப்டம்பர் 20-ந் தேதி அம்மையார் அடையாறில் கண் மூடினார்.