புளியந்தோப்பு சொல்லும் பாடம்

சென்ட்ரலுக்குச் செல்லும் ரயில்கள் பேசின் பிரிட்ஜில் சற்றே தயங்கி நிற்பது வழக்கம். அந்தச் சில நிமிடங்களில் சன்னல் வழியே புளியந்தோப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திரு.வி.க. நினைவுக்கு வருவார். தமிழ்த்தென்றல் என்று நாம் போற்றும் அவரை, தொழிற்சங்கத் தலைவராக நினைவுகூர்வோர் இன்று குறைவு.

1883-இல் துள்ளம் கிராமத்தில் பிறந்த திரு.வி. கலியாணசுந்தரனார், வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். அப்பணியைத் துறந்து 1917-இல் 'தேசபக்தன்' ஆசிரியரானார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அதற்கு வித்திட்டனர், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவரானார். நீண்ட வேலை நேரமும் அற்பக் கூலியும் அன்றைய ஆலை வாழ்க்கை. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. 1920-இல் நிர்வாகம் வாடியா உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்து வென்றது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறக்க அந்த வழக்கும் ஒரு காரணம்.

1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம்தான் அவரது வாழ்வின் கடும் சோதனை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். வர்க்கப் போராட்டம் சாதி மோதலாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. திரு.வி.க.வை நாடு கடத்தப்போவதாக ஆளுநர் வெல்லிங்டன் எச்சரித்தார். அரசியலில் எதிர் முகாமில் இருந்த தியாகராயர் தலையிட்டு அதைத் தடுத்தார். ஆனால், வேலைநிறுத்தம் தோற்றது. நிர்வாகத்தையும் அரசையும் மட்டும் குறை கூறி இத்தோல்வியைக் கடந்துவிட முடியாது. சாதியால் பிளவுண்ட சேரிக்கும் ஆலைக்கும் இடையே சங்கம் பாலம் அமைக்கத் தவறியது என்பதே என் கருத்து.

இன்னொரு சோதனை, தம்மவர் ஆட்சியில் வந்தது. 1947-இல் மீண்டும் பின்னி வேலைநிறுத்தம் மூண்டபோது, காங்கிரஸ் அரசு அந்த முதிய தேசபக்தரை வீட்டுக்காவலில் வைத்தது. ஆள்வோர் மாறினாலும், உற்பத்தி தடைபடக் கூடாது என்ற அரசின் அச்சம் மாறவில்லை. 1953-இல் அவர் மறைந்தார். பின்னாளில் அந்த ஆலைகளும் மூடப்பட்டன.

வளரும் நாடுகளின் இக்கட்டு இதுவே. முதலீடு வேண்டும், அதற்குக் குறைந்த கூலியையும் அடங்கிய தொழிலாளரையும் விலையாகக் கேட்கிறது உலகச் சந்தை. அந்த விலையைக் கொடுத்த வங்கதேசத்தில், 2013-இல் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்திலும் 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த மசோதா 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. எதிர்க்கச் சங்கங்கள் இருந்ததால் அது நடந்தது. ஒப்பந்தத் தொழிலாளரும் வெளிமாநிலத்தவரும் பெருகிவிட்ட இன்றைய ஆலைகளில், அவர்களையும் தம்மவராகச் சங்கங்கள் ஏற்குமா? 1921-இல் புளியந்தோப்பு எழுப்பிய கேள்வியும் இதுதான்.