தொப்பி அணிந்த மனிதர்: ஹெல்முட் ஷோன்

1974 ஜூன் 22ஆம் திகதி. ஹம்பேர்க் மைதானத்தில் மேற்கு ஜேர்மனியும் கிழக்கு ஜேர்மனியும் உலகக்கிண்ணப் போட்டியில் மோதின. 77ஆவது நிமிடத்தில் ஸ்பார்வாசர் அடித்த கோலினால் கிழக்கு ஜேர்மனி வென்றது. மேற்கு ஜேர்மனியின் பயிற்றுவிப்பாளர் ஹெல்முட் ஷோனுக்கு அது வெறும் முதற்சுற்றுத் தோல்வி அல்ல. எந்த அரசை விட்டு அவர் வெளியேறினாரோ, அந்த அரசின் அணியிடமே தோற்றிருந்தார்.

ஷோன் 1915இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை கலைப்பொருள் வணிகர். உயரமான, மெலிந்த முன்கள வீரர். தேசிய அணிக்காக 16 ஆட்டங்களில் 17 கோல்கள். 1943இலும் 1944இலும் அவரது டிரெஸ்டன் கழகம் ஜேர்மன் சம்பியனானது. ஹிட்லரின் ஆட்சி யுத்தத்தில் நாட்டை அழித்துக்கொண்டிருக்கையிலேயே மைதானங்களில் கிண்ணங்கள் வழங்கப்பட்டுக்கொண்டிருந்தன. 1945 பெப்ரவரியில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர்.

யுத்தம் முடிந்தும் நிம்மதி வரவில்லை. சோவியத் பகுதியில் பழைய கழகங்கள் கலைக்கப்பட்டன. டிரெஸ்டன் வீரர்கள் வேறு பெயரில் ஆடினர். ஷோன் வீரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். 1950இல் சொந்த ஊரில் நடந்த சம்பியன் தீர்மான ஆட்டத்தில் அரசுக்கு வேண்டப்பட்ட ஸ்விக்காவ் அணியிடம் 1-5 எனத் தோற்றார்கள். நடுவரின் பக்கச்சார்பில் கொதித்த சனம் மைதானத்துள் இறங்கியது. அணி கலைக்கப்பட, ஷோனும் பெரும்பாலான வீரர்களும் மேற்கு பெர்லினுக்குச் சென்றனர்.

அங்கிருந்து சார்லாந்து. அப்போது பிரான்சின் பாதுகாப்பில் தனியாக இருந்த அச்சிறு நிலத்தின் அணியைப் பயிற்றுவித்து, 1954 உலகக்கிண்ணத் தகுதிகாணில் மேற்கு ஜேர்மனிக்கு எதிராகவே நிறுத்தினார். ஒரே ஆயுளில் எத்தனை ஜேர்மனிகள்! பின்னர் ஹேர்பேர்கரின் உதவியாளர். 1964 முதல் தலைமைப் பயிற்றுவிப்பாளர். 1966இல் இறுதியாட்டம் வரை, 1970இல் மூன்றாமிடம், 1972இல் ஐரோப்பியக் கிண்ணம். அந்த 1972 அணிதான் ஜேர்மனி கண்ட மிக அழகான அணி என்பது பலரின் கணிப்பு. எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.

ஹம்பேர்க் தோல்விக்குப் பின் ஷோன் உடைந்துபோனார். அணித்தலைவர் பெக்கன்பவர் முன்வந்து அணியைத் தாங்கினார். இரண்டாமிடம் பெற்றதால் அடுத்த சுற்றில் பிரேசில், நெதர்லாந்து இருந்த பிரிவு கிழக்கு ஜேர்மனிக்குப் போனது. மேற்குக்கு இலகுவான பிரிவு. ஜூலை 7இல் மியூனிக்கில் நெதர்லாந்தை 2-1 என வென்று ஷோன் உலகக்கிண்ணத்தைப் பெற்றார்.

1978இல் ஆர்ஜென்டீனாவில் ஒஸ்திரியாவிடம் தோற்றதோடு பதவி முடிந்தது. 1990இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றானதைக் கண்டார். 1996 பெப்ரவரியில் வீஸ்பாடனில் காலமானார்.