இமயத்துப் பனியைப் பார்த்து மழையைக் கணித்தவர்: யார் இந்த ஹென்றி பிளான்ஃபோர்டு?

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறுகிறவர்களுக்குப் பழகிய காட்சி இது. ஆகஸ்ட் மாதம் பகலெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் மேற்கே கருத்து, இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டிட்டுப் போயிடும். கேரளத்தில் நாள்கணக்கில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி. நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறதே!

மலைக்கும் மழைக்கும் உள்ள இந்தக் கணக்கை இந்தியா முழுமைக்கும் போட்டுப் பார்த்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. 1834-இல் லண்டனில் பிறந்தவர். உண்மையில் அவர் படித்தது வானிலை அல்ல, பாறைகளை. 1855-இல் அண்ணன் வில்லியமுடன் இந்தியா வந்து புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். நீலகிரியின் பாறைகளை ஆராய்ந்தார். திருச்சி, தென்னார்க்காடு பக்கம் கடல் படிவுகளைத் தேடி அலைந்தார். 1862-இல் அந்த வேலையை விட்டு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார்.

இரண்டே வருஷத்தில், 1864 அக்டோபரில், கல்கத்தாவைப் பெரும்புயல் புரட்டிப் போட்டது. அதை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்களில் ஒருவர் பிளான்ஃபோர்டு. அப்புறம் காற்றும் மழையும்தான் அவர் வேலை. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியபோது முதல் தலைவர் அவரே.

மறுவருஷமே மழை பொய்த்தது. நம்ம ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதேதான். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது, முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வி பிளான்ஃபோர்டு மேசைக்கு வந்தது.

பதிலை அவர் இமயமலையில் தேடினார். இமயம் ஒரு சுவர். வடக்கேயிருந்து வரும் குளிர்காற்றை மறிக்கும். தெற்கேயிருந்து போகும் ஈரக்காற்றைத் தாண்ட விடாது. தடுக்கப்பட்ட காற்று, தட்டையான கங்கைச் சமவெளி வழியாக மேற்கே திரும்பும். ஆனால் கடல்காற்று உள்ளே வர, முதலில் நிலம் சூடேற வேண்டும். கோடை தொடங்கும்போது மலையில் பனி அதிகமாகக் கிடந்தால், வெயிலில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும், இன்னொரு பங்கு பனியை உருக்கவே செலவாகும். சமவெளியில் வறண்ட காற்று நீடிக்கும், மழை தள்ளிப்போகும். 1884-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1886 ஜூன் 4-இல் பருவமழைக் கணிப்பு முறைப்படி வெளிவரத் தொடங்கியது.

1889-இல் ஓய்வு பெற்ற பிளான்ஃபோர்டு 1893-இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899-இல் நல்ல மழை என்றார். வந்ததோ கடும் வறட்சி. பனி மட்டும் போதாது என்று புரிந்து, அடுத்து வந்த கில்பர்ட் வாக்கர் பசிபிக் கடல் வரைக்கும் போய்த் தேடினார். அதற்காகப் பிளான்ஃபோர்டு சொன்னது தப்பு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 1970-களில் செயற்கைக்கோள் படங்கள் வந்ததும் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை மறுபடி ஆராயத் தொடங்கினார்கள்.

சரி, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இதனால் என்ன? அவர் கணித்தது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையை. இங்கே ஏரி நிரம்புவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக்கடல் பக்கமிருந்து வரும் மழையில். அந்தப் பக்கம் மறிக்க மலையே கிடையாது. 2015 டிசம்பர் 1-இல் தொடங்கி 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. கார், பைக் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்தின. அந்த வருஷம் பசிபிக்கில் வலுவான எல் நினோ.