மீன் தேடிய மருத்துவர்

குற்றாலச் சாரலில் நனைந்து பல் கிடுகிடுத்தவர்களுக்குக் குளிர்ந்த நீர் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நம்மை நடுங்க வைக்கும் அந்த அருவி நீரும் ஒரு மீனுக்குச் சூடாக இருக்கும் என்றால் நம்புவீர்களா? டிரௌட் என்பது அதன் பெயர். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் அதற்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். நீர் குளிரக் குளிரத்தான் அதில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். டிரௌட்டுக்கோ உயிர்வளி மிகுதியாக வேண்டும். ஆகையால் பனி உருகி ஓடும் ஆறுகளும், ஈராயிரம் மீட்டர் உயரத்து மலை ஓடைகளுமே அதற்கு ஏற்ற வீடு.

இந்தியாவின் எந்த ஆற்றிலும் இம்மீன் இயற்கையாகப் பிறந்ததன்று. ஆயினும் காஷ்மீரத்தில் பகல்காமை ஒட்டி ஓடும் லிட்டர் ஆற்றிலும், நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கத்து நீர்களிலும், மூணாற்று மலைகளிலும் அது குடியேறிவிட்டது. அதைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்கென்றே பயணம் வருவோர் உண்டு. மண்புழுவைக் கோத்து, தக்கையை மிதக்கவிட்டு, சிற்றாற்றங்கரையில் நாம் காத்திருக்கும் தூண்டில் அன்று அது. முதலில் உரிமச் சீட்டு பெற வேண்டும். காஷ்மீரத்தில் ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்ன துண்டில் இன்னார் மட்டும் என்று விடுவார்கள். உடன் ஒரு உள்ளூர் வழிகாட்டி வருவார். எந்தப் பாறையின் நிழலில் மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், அன்றைக்கு நீர்மேல் பறக்கும் பூச்சி எது, இறகும் நூலும் கட்டிச் செய்த எந்தப் போலிப் பூச்சியை வீசினால் மீன் ஏமாறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வந்தவர் பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார். இம்மீனை இந்நாட்டுக்குக் கொண்டுவர முதன்முதல் முயன்று தோற்றுப்போன மனிதரை அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விலங்கியல் மாணவனாகிய எனக்கு அந்தத் தோல்விதான் அம்மனிதரிடம் ஈடுபாட்டை உண்டாக்கியது. அவரே டாக்டர் பிரான்சிஸ் டே.

1829ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் பயின்று, 1852இல் சென்னைப் படையின் மருத்துவராக இந்தியா வந்தார். அந்நாளில் சென்னை மாகாணத்து இராணுவ மருத்துவர் சிலருக்கு ஒரு விந்தையான பழக்கம் இருந்தது. காலையில் நோயாளியைப் பார்ப்பார்கள். மாலையில் பறவையையோ பாம்பையோ செடியையோ தேடிப் புறப்பட்டு விடுவார்கள். டேக்கு வாய்த்தது மீன். கொச்சியில் பணியாற்றிய காலத்தில் மீன் சந்தையே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. கொச்சி நாட்டின் பழமையைப் பற்றி, பெருமாள்களின் நாடு என்ற பொருள்படத் தலைப்பிட்டு 1863இல் ஒரு நூலும், மலபார் மீன்களைப் பற்றி 1865இல் ஒரு நூலும் வெளியிட்டார். எங்கள் ஊர்ப் பெயரிலும் ஒரு கேரளம் ஒட்டிக்கொண்டிருப்பதாலோ என்னவோ, சேரப் பெருமாள்களை எண்ணிப் பார்த்த அந்த வெள்ளைக்கார மருத்துவர்மேல் எனக்குத் தனிப் பற்று!

அதே 1863இல்தான் நீலகிரியில் டிரௌட்டைக் குடியேற்றும் முயற்சியில் இறங்கினார். முயற்சி பலிக்கவில்லை. காரணத்தை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல். அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வருவதே பெரும்பாடு. குளிரில் மட்டுமே உயிர் தரிக்கும் முட்டைகளையும் குஞ்சுகளையும் வெப்ப மண்டலக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்து, பின் மாட்டு வண்டியில் மலை ஏற்றுவதென்றால் சும்மாவா? 1864இல் ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாவுக்கு, பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு அடியில் அடுக்கிய டிரௌட் முட்டைகள் கப்பலில் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அங்கே வென்ற வழி இங்கே வெல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, எச். சி. வில்சன் என்பவர் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு உரிய வானவில் டிரௌட்டை இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருவித்தார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. காஷ்மீரத்தில் 1900ஆம் ஆண்டிலேயே பழுப்பு டிரௌட் முட்டைகள் வந்து பொரித்திருந்தன. ஆக, டிரௌட்டை நாட்டியவர் என்ற பெயர் டேக்குக் கிடைக்கவில்லை.

அவருக்குக் கிடைத்தது வேறு. வெளிநாட்டு மீன் கைநழுவிய அதே ஆண்டுகளில் உள்நாட்டு மீன் அவர் கைக்கு வந்தது. திருவிதாங்கூர் மலையில் முண்டக்கயத்து ஓடையில் கிடைத்த, உடலில் செந்நிறக் கோடு தீட்டிய அழகிய கெண்டை ஒன்றை 1865இல் உலகுக்கு அறிமுகம் செய்தார். அந்நாளைய சென்னை ஆளுநர் சர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். இன்று அலங்காரத் தொட்டிகளில் ‘மிஸ் கேரளா’ என்று விலை பேசப்படுவது அதுதான். ஆளுநரை மறந்தாயிற்று, மருத்துவரையும் மறந்தாயிற்று, மீனுக்கு மட்டும் அழகிப் பட்டம்!

1867இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. கொள்ளிடத்தில் அணைகள் கட்டிய அதே சர் ஆர்தர் காட்டன், அணைகள் மீன் வளத்துக்குக் கேடு செய்யலாம் என்று மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கட்டியவரே கேட்ட கேள்வி அது. கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வரும் உள்ளம் மீன், குறுக்கே சுவர் நின்றால் என்ன செய்யும்? இதை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது. சென்னை மாகாணத்து ஆறுகளில் தொடங்கிய வேலை ஒரிசா, வங்காளம், பர்மா, அந்தமான் என்று விரிந்தது. 1871இல் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளர் பதவி அவருக்கு வந்தது.

அவர் வேலை செய்த முறையைத்தான் நான் வியக்கிறேன். தாசில்தார்கள் உள்ளிட்ட அதிகாரிகளுக்குக் கேள்விகள் அனுப்பினார். உங்கள் பகுதியில் மீன் பிடித்துப் பிழைப்போர் எத்தனை பேர், வலைக்கண் எவ்வளவு சிறிது, பாய்ச்சல் வாய்க்காலில் எத்தகைய பொறி வைக்கிறார்கள், மீன் முன்னைவிடக் குறைந்ததா கூடியதா என்று கேட்டார். வந்த விடைகளையெல்லாம் தொகுத்து 1873இல் நன்னீர் மீன்வளத்துக்கு ஒன்றும் கடல் மீன்வளத்துக்கு ஒன்றுமாக இரண்டு அறிக்கைகள் அளித்தார். குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் நெருக்கமான வலைகளை வரையறுக்க வேண்டும், அணைகளில் மீன் ஏறும் வழி விட வேண்டும், நீரில் நஞ்சு கலப்பதைத் தடுக்க வேண்டும் என்பன அவர் வற்புறுத்தியவை. அரசு உடனே அசையவில்லை. 1897இல்தான் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடியும் நஞ்சும் வைத்து மீன் கொல்வது குற்றமாயிற்று. அப்போது டே இறந்து எட்டாண்டு ஆகியிருந்தது.

இங்கே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவேளைச் சோற்றுக்கு அயிரை வாரும் ஏழையின் கூடையை அவர் கணக்கில் எடுத்த அளவுக்கு, அவன் பசியை எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆச்சி சிறு பெண்ணாக இருந்தபோது வாய்க்காலில் முந்தானையால் மீன் பிடித்த கதையைச் சொல்வார்கள். டேயின் கணக்குப்படி அதுவும் குஞ்சு வாரும் வலைதான்! ஆனால் அதே ஆச்சி, கோடையில் மடுவில் தோட்டா போட்டுச் சின்னது பெரியது பாராமல் வெள்ளையாய் மிதக்கவிடும் கொடுமையையும் சொல்வார்கள். அப்போது டே பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

அவருடைய பெரும் படைப்பு, இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த நூலும் 1888இன் பின்னிணைப்பும். எத்தனை எத்தனை மீன் வகைகள்!  விரால், கெளுத்தி, ஆரல், குறவை என்று நாம் சந்தையில் பெயர் சொல்லி வாங்கும் மீன்கள் அதில் செதில் செதிலாக நிற்கின்றன. இவ்வளவுக்கும் இடையே இல்லற வாழ்வில் அவர் கண்டது துயரம். முதல் மனைவி 1869இல் இறந்தார். 1872இல் மணந்த இரண்டாம் மனைவியும் மறு ஆண்டே மறைந்தார்.

ஓய்வு பெற்றபின் இங்கிலாந்தில் செல்ட்டனமில் வாழ்ந்தார். அங்கே பழைய டிரௌட் மறுபடியும் அவரைப் பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்தில் ஹவ்வீட்டன் என்னுமிடத்தில் சர் ஜேம்ஸ் மெயிட்லண்டு நடத்திய மீன் பண்ணையில் டிரௌட், சால்மன் முட்டைகளைப் பொரிக்க வைத்து ஆராய்ந்தார். ஒவ்வோர் ஏரியிலும் ஆற்றிலும் நிறமும் புள்ளியும் மாறியிருக்கும் டிரௌட்டுகளைத் தனித்தனி இனங்களாகப் பிரித்து வைத்திருந்தார் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பேரறிஞர் ஆல்பர்ட் குந்தர். இல்லை, இடத்துக்கும் இரைக்கும் ஏற்ப ஒரே இனம்தான் வேறுவேறு கோலம் கொள்கிறது என்றார் டே. 1887இல் அதை நூலாகவும் எழுதினார். ஆற்றிலேயே தங்கும் பழுப்பு டிரௌட்டும் கடலுக்குப் போய்வரும் டிரௌட்டும் ஓரினமே என்று இன்று நம் பாடநூல்கள் சொல்வது டேயின் பக்கம்தான்.

குந்தருக்கும் அவருக்கும் இருந்த பகை இதோடு நிற்கவில்லை. இந்திய மீன்களின் மாதிரிகளை வாழ்நாளெல்லாம் சேர்த்துச் சாராயத்தில் இட்டு வைத்திருந்தாரே, அவற்றில் நூற்றுக்கணக்கானவை லண்டனில் தங்கவில்லை. 1883இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியின்போது சிட்னி நகரத்து ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் அவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டது. நம் நாட்டு மீன் ஒன்றின் மூல மாதிரியைக் காண விரும்பும் இந்திய ஆராய்ச்சி மாணவன் சிட்னிக்கு எழுத நேர்வது இதனால்தான். இரண்டு அறிஞர்கள் முகம் கொடுத்துப் பேசாததன் விலையை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்!

1889ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் செல்ட்டனமில் அவர் காலமானார். வயது அறுபது. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய நூல் வரிசைக்காக அவர் எழுதிக் கொடுத்த மீன் தொகுதிகள் இரண்டும் அந்த ஆண்டில்தான் அச்சாகி வெளிவந்தன. அப்போது நீலகிரி ஓடைகளில் இன்னும் டிரௌட் இல்லை.