கால்பந்து ஆசிரியர் ரகீம்

சனத்நகரின் தொழிற்பேட்டையைக் கடந்து கிழக்கே சென்றால் சிகந்தராபாத் படைமுகாம் வரும். அதற்கும் அப்பால் அம்முகூடா என்னும் ஊர் உள்ளது. படைப்பிரிவுகளோடும் பிழைப்பை நாடியும் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இப்பகுதிகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய எளிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1936ஆம் ஆண்டு பிறந்தவர் துளசிதாஸ் பலராம். புதிய பூட்ஸ் வாங்க வசதியில்லாததால், காவலர்கள் அணிந்து கழித்த பழைய பூட்ஸைக் கொண்டு கால்பந்து பூட்ஸ் தைத்துக்கொண்டு ஆடியவர் அவர்.

உள்ளூர்ப் போட்டியொன்றில் அவரது ஆட்டத்தைக் கண்ட பயிற்சியாளர் ஒருவர், ஐதராபாத் அணியின் தேர்வுக்கு வருமாறு அழைத்தார். நகருக்கு வந்துபோகக் கையில் காசில்லையே என்று இளைஞர் தயங்கினார். வாடகை மிதிவண்டிக்கு வேண்டிய பணத்தை அழைத்தவரே கொடுத்தார். அவர்தாம் சையது அப்துல் ரகீம்.

ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் கால்பந்து அணியில் சிறந்த வீரராக விளங்கினார். படிப்பு முடிந்தபின் அவர் மேற்கொண்டது ஆசிரியப் பணி. நகரின் பள்ளிகள் சிலவற்றில் பாடம் நடத்தினார். பின்னர் உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். மாலை வேளைகளில் ஆடுகளத்தை அவர் மறக்கவில்லை. 1940களில் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. ஆடுகளத்திலும் அவர் ஆசிரியராகவே இருந்தார் என்பதை அவரது பயிற்சி முறைகள் காட்டும்.

அக்காலத்தில் நம் நாட்டு வீரர்கள் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்வதைப் பெருந்திறமையாகக் கருதினர். பார்வையாளரும் அதற்கே கைதட்டினர். ரகீம் அவ்வாறு எண்ணவில்லை. பந்தை வைத்துக்கொண்டு ஓடுதல் கூடாது, வந்த பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்னும் விதியோடு சிறுவர்களுக்குப் போட்டிகளை நடத்தினார். மற்றொரு போட்டி இன்னும் விந்தையானது. வலக்காலால் உதைத்துப் பழகியவர் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும். இடக்காலால் பழகியவர் வலக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும். முதல் சில நாள்கள் பார்ப்பவருக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால், கணக்கில் தடுமாறும் மாணவனுக்குக் கணக்கையே மிகுதியாகக் கொடுக்கும் ஆசிரியரின் வழி அது.

பலன் விரைவில் தெரிந்தது. அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல் அணி, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951ஆம் ஆண்டு தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்னும் கணக்கில் இந்தியாவை வீழ்த்தியது. நம் வீரர்களுள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பின்னரே இந்திய வீரர்கள் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. ரகீம் அத்தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய அணிகள் களத்தில் வீரர்களை நிறுத்தும் முறைகளை ஆராய்ந்து, நம்மவருக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து 1956இல், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியிலும் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்திலும் தோற்றபோதிலும், இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அதற்கு மேல் நாம் உயர்ந்ததில்லை. அந்த அணியில் அம்முகூடாவின் பலராமும் இருந்தார்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 எனப் போராடித் தோற்ற இந்தியா, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. அவ்வணியில் ரகீமின் மகன் சையது சாகித் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆயினும் மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் தந்தை அவரைக் களமிறக்கவில்லை.

ரகீமின் வாழ்வில் கடைசிப் பெருந்தேர்வு 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த காயம். தையல் போட நேர்ந்தது. கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் விழுந்தார். ஐதராபாத்தில் பிறந்து, மதராஸ் படைப்பிரிவில் சேர்ந்து புகழ்பெற்ற நெடிய வீரர் இவர். இவை போதாவென்று, இந்திய அதிகாரி ஒருவர் போட்டி அமைப்பாளரைக் கண்டித்துப் பேசியதால் உள்ளூர் மக்களும் இந்தியர்மீது சினம் கொண்டிருந்தனர்.

ரகீம் அஞ்சாமல் ஒரு முடிவெடுத்தார். தலையில் காயத்தோடு வந்த தற்காப்பு வீரரை முன்வரிசையில் நிறுத்தினார்! அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றபோது ஜர்னைல் சிங் ஒரு கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா எதிர்நின்றது. அதற்கு முந்தைய இரவு ரகீம் தம் வீரர்களிடம் தங்கப் பதக்கத்தைத் தமக்குப் பரிசாகத் தருமாறு கேட்டதாக அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர்.

செப்டம்பர் 4 அன்று நிறைந்த அரங்கில் ஏளனக் கூச்சல் எழுந்தது. இந்தியர்க்காகக் குரல் கொடுத்தவர் சிலரே. அவர்களுள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் இருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. பி. கே. பானர்ஜி முதல் கோலையும் ஜர்னைல் சிங் இரண்டாம் கோலையும் அடித்தனர். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ் கோலைக் காத்தார். கொரியர் இறுதி நேரத்தில் ஒரு கோல் அடித்தும் இந்தியா 2-1 என வென்றது.

கேட்ட பரிசு கிடைத்தது. அதன்பின் ரகீம் நெடுநாள் வாழவில்லை. நுரையீரல் புற்றுநோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் தொடங்கப்பட்டது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் ஜகார்த்தாவுக்குப் பின் இந்தியா இன்றளவும் தங்கம் வெல்லவில்லை.